சகலைகளின் கடைசிச் சுற்று

என் கணவரும் அக்காவின் கணவரான அத்தானும் ஒரே அணிக்குப் பந்தயக் கார் ஓட்டுகிறார்கள். ஆண்டின் கடைசிப் பந்தயமான இதில் இருவரில் முந்துகிறவருக்குத்தான் சாம்பியன் பட்டம். அணியின் அறையில், டிவி முன்னால், அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் மனமில்லை.

முன்னால் போன அத்தானின் கார் ஒரு வளைவில் சறுக்கித் தடுமாறி, நிமிர்ந்து ஓடியது. என் விரல்கள் துள்ளின. அது பயமல்ல என்று எனக்குத் தெரியும்.

"என்னடி?" என்றாள், டிவியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"பயந்துட்டேன்க்கா."

"புளுகாதடி. போன ரவுண்டுல உன் வீட்டுக்காரர் சறுக்கினப்ப நானும் இப்படித்தான் பயந்தேன்."

இருவரும் சிரித்துவிட்டோம். கடைசிச் சுற்று தொடங்கியதும், யார் முதலில் என்று தெரியவில்லை, கைகளை விடுவித்துக்கொண்டோம்.