டீ வாங்கிட்டு வா

டாக்டர் பொய் சொல்கிறார் என்று ஷாஜாதி அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டாள்.

அவள் கணவர் சிராஜுதீனுக்கு ஒரு வருஷமாக நுரையீரலில் புற்றுநோய். மாதாமாதம் ரெட்டியார்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தால், அரை நாள் பாட்டில் ஏறும். மத்தியானச் சாப்பாட்டைக்கூட அவள் டிபன் கேரியரில் கட்டி எடுத்து வருவாள். இன்றைக்கு என்னவென்றால், பாட்டில் வேண்டாமாம். வயிற்றில் சின்னதாக ஓர் ஊசி போதுமாம். அவளுடைய அண்ணனுக்கும் இப்படித்தான் முதலில் மருந்தைக் குறைத்தார்கள். பிறகு வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள்.

"அவ்ளோ பெரிய பாட்டிலு இத்துனூண்டு ஊசிக்குள்ள எப்படி டாக்டர் அடங்கும்?"

டாக்டர் கார்குழலி பொறுமைசாலி. "மருந்து அதேதாம்மா. தண்ணிதான் கொறஞ்சிருக்கு. விண்வெளி நிலையத்துல இந்த மருந்தோட படிகத்த வளத்துப் பாத்தாங்க. பூமியில பெருசும் சிறுசுமா வர்றது, அங்க ஒரே அளவுல பொடிசா வந்துச்சு. அதுலேர்ந்து கத்துக்கிட்டுதான் இங்க இவ்ளோ கெட்டியா செய்றாங்க."

ஷாஜாதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏமாற்றுவதற்குப் பக்கத்தில் ஓர் இடம்கூடவா கிடைக்கவில்லை, வானத்துக்கா போக வேண்டும்? பக்கத்து ஏரியாவான சாரத்தில் செய்தோம் என்றிருந்தால் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டாவது வரலாம்.

கணவர் மேலும் அவளுக்குச் சந்தேகம்தான். கொஞ்ச நாளாக இந்த வெயிலில் வீட்டில்கூட முழுக்கைச் சட்டையோடு திரிகிறார். இங்கே வந்தால் பாட்டில் மாட்டுகிற நேரம் பார்த்து, டீ வாங்கி வரச் சொல்லி அவளை வெளியே அனுப்பிவிடுவார். டாக்டர் என்ன கெடு சொன்னாரோ, இரண்டு பேரும் சேர்ந்து மறைக்கிறார்கள்.

இப்போதும் நர்ஸ் ட்ரேயோடு வந்ததும் அவர் ஆரம்பித்தார். "ஷாஜாதி, ஒரு டீ வாங்கிட்டு வாயேன்."

"போமாட்டேன். பாட்டிலுதான் போடணும். எத்தினி நாளுன்னு சொல்லிட்டாங்களா? எங்கிட்ட ஏன் மறைக்கிறீங்க?" பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சிராஜுதீன் சட்டைக் கையை மடித்துவிட்டார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கறுத்தும் கன்றியும் கிடந்தது.

"நரம்பு ஆப்புடலன்னு ஒவ்வொரு வாட்டியும் நாலஞ்சு எடத்துல குத்துவாங்க. நீ பாத்தா தாங்க மாட்ட. அதுக்குத்தான் டீ."

அவள் அந்தக் கையைப் பயந்து பயந்து தொட்டாள். இத்தனை மாதம் ஓடி ஓடி வாங்கி வந்த டீயெல்லாம் இப்போது நெஞ்சைச் சுட்டது.

"மேல செஞ்சாங்களோ கீழ செஞ்சாங்களோ, அந்த ஊசியே போடுங்க டாக்டர்" என்றாள். சொல்லிவிட்டும் நகரவில்லை. "வேல செய்யுதா? என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். "கட்டி கொறஞ்சிருக்கு. முழுசா போயிடும்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா கொறஞ்சிருக்கும்மா."

ஊசி போட்டு வெளியே வந்தபோது டிபன் கேரியர் சூடாகவே இருந்தது. இருவரும் சேர்ந்தே டீக்கடைக்குப் போனார்கள். இன்னும் எதையாவது மறைக்கிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்தபடி, மடித்த அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு ஷாஜாதி டீயைக் குடித்தாள்.