பிளஸ்ஸை ஏர்த்தில் கட்டியவர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தாழ்வுபாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மோட்டார் சைக்கிள் திருத்துகிற அருளப்பனுக்குக் கை நல்லது, வாய்தான் கூடாது என்பார்கள். இவ்வளவு காலமும் அதையும் ஒரு பெருமையாகத்தான் வைத்துக்கொண்டு திரிந்தேன். இந்தக் கதையில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

தொண்ணூறாம் ஆண்டு. இந்திய இராணுவம் போய், சண்டை மறுபடி தொடங்காமல் இருந்த இரண்டு மூன்று மாதம். எங்கள் ஊர் மீன் வியாபாரி யோசேப்பிடம் தகப்பன் காலத்து பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. லண்டன் சாமான். விடியமுன் மீன்பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு அடம்பன் சந்தைக்கு ஓடுவார். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. பற்றரிதான் சார்ஜ் ஏறாது. லைட் மங்கி மங்கிச் சாகும், ஹோன் முனகும்.

முதலில் அவர் என்னிடம் வரவில்லை. எங்கள் தீவின் மறுபக்கத்து முஸ்லிம் ஊர் எருக்கலம்பிட்டியில் இருந்த ஜுனைதீனிடம் போனார். ஜுனைதீன் றேடியோ திருத்துவார், வீடுகளுக்கு வயர் இழுப்பார், அமைதியான மனிதர். அவர் பார்த்துக் கொடுத்து மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு பழையபடி லைட் மங்கியது. அதற்குப் பிறகுதான் யோசேப்புக்கு என் ஞாபகம் வந்தது. எனக்கு அது ஏற்கெனவே உள்ளுக்குள் சுட்டுக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளுக்கு ஒருவன் ஊருக்குள் இருக்க, றேடியோக்காரரிடம் என்ன வேலை?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் என் வேலைக் கொட்டிலடியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். யோசேப் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். நியாயமான மனிதர் என்பதால் ஜுனைதீனுக்கும் சொல்லியனுப்பியிருந்தார். அவரும் தன் சாமான் பெட்டியோடு வந்து நின்றார்.

நான் பற்றரி மூடியைக் கழற்றினேன். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பிளஸ் வயரைக் கொண்டுபோய்ச் சைக்கிளின் இரும்புச் சட்டத்தில் முடுக்கியிருந்தது. சட்டத்துக்கு, அதாவது ஏர்த்துக்கு, மைனஸ்தான் போகவேண்டும். பதினைந்து வருடமாக நான் கழற்றிப் பூட்டிய யப்பான் சைக்கிள் அத்தனையிலும் அப்படித்தான்.

“இஞ்ச வந்து பாருங்கோ கூத்தை. எருக்கலம்பிட்டி இஞ்சினியர் பிளஸ்ஸை ஏர்த்தில கட்டியிருக்கிறார்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜுனைதீன் குனிந்து பார்த்தார்.

“அருளப்பன், நான் கழட்டேக்கையும் அப்பிடித்தான் இருந்தது. பாத்துத்தான் பூட்டினனான். அந்த ஏர்த் ஆணியில உப்புக் கறள் பிடிக்குது. அதை ஒருக்காச் சுரண்டிப் பாப்பம்.”

“கறளோ? உமக்கு றேடியோ காணும். இதுகளில கை வச்சு ஆக்களின்ர பிழைப்பைக் கெடுக்காதையும்.”

அந்தத் துருக் கறளைச் சுரண்ட இரண்டு நிமிடம் போதும். நான் சுரண்டவில்லை. சார்ஜ் ஏற்றி வைத்திருந்த என் பற்றரியை எடுத்து, மைனஸ்ஸை ஏர்த்துக்கும் பிளஸ்ஸை மற்றப் பக்கத்துக்குமாக மாற்றிக் கட்டினேன். வயர் தொட்ட இடத்தில் பெரிதாக ஒரு பொறி பறந்தது. ஹோனை அழுத்தினேன், ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தம். லைட்டும் பளிச்சென்று எரிந்தது.

“பாத்தீரோ?” என்றேன்.

ஜுனைதீனுக்கு முகம் கறுத்துப்போனது. பெட்டியைத் தன் மிதி சைக்கிளின் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். அவர் ஒழுங்கை முனையில் திரும்புவதற்குள், யோசேப்பின் சைக்கிளின் அடியிலிருந்து அழுகின உள்ளிப் பூண்டு போல ஒரு நாற்றம் வந்தது. பழைய தூசு எரிகிறது என்று சொல்லி மூடியைப் பூட்டிவிட்டேன்.

மறுநாளே யோசேப் வந்தார். விடியப் போகும் வழியில் லைட் அடியோடு செத்து, முன்னால் வந்த மாட்டுவண்டிலில் மோதப் பார்த்து மயிரிழையில் தப்பியிருக்கிறார். சைக்கிளை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

திறந்து பார்த்தால் ரெக்டிஃபையர் கருகிப்போய்க் கிடந்தது. எஞ்சினிலிருந்து வருகிற கரண்டைப் பற்றரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற சாமான் அது. அதைக் கழற்றினேன். பின்னால் கிறீஸ் மண்டிய சின்னத் தகடு ஒன்று இருந்தது. துணியால் துடைத்தேன். ஆங்கில எழுத்து. எழுத்துக்கூட்டி வாசித்தேன். பொசிட்டிவ் ஏர்த் என்று இருந்தது.

அந்த லண்டன் சைக்கிளுக்குப் பிளஸ்தான் ஏர்த். ஜுனைதீன் கட்டியது சரி. நான் மாற்றிக் கட்டியதால்தான் ரெக்டிஃபையர் கருகியது; அன்று லைட் பளிச்சிட்டது என் பற்றரியில் ஏற்கெனவே இருந்த சார்ஜால். ஏர்த் ஆணியைக் கழற்றிப் பார்த்தேன். மீன்தண்ணி பட்டுப் பட்டு அடியில் கறள் பொருக்குக் கட்டியிருந்தது. முதலில் சார்ஜ் ஏறாமல் போனதும் அதனால்தான். அவர் சொன்னது ஒன்றுகூடப் பிழையில்லை.

அதோடு நின்றிருந்தால் அறியாமல் விட்ட பிழை என்று ஆறுதல் பட்டிருக்கலாம். நான் நிற்கவில்லை. வேறு ரெக்டிஃபையர் போட்டேன், ஆணியைச் சுரண்டினேன், பிளஸ்ஸைத் திரும்பவும் ஏர்த்தில் கட்டினேன். பிறகு எது பிளஸ் எது மைனஸ் என்று யாருக்கும் தெரியாதபடி இரண்டு வயரையும், வயர் ஒட்டுகிற கறுப்பு ரேப்பால் சுற்றினேன். யோசேப் வந்து கேட்டபோது என்ன சொன்னேன் தெரியுமா? “ஜுனைதீன் பிழையாக் கட்டினதில உள்ளுக்குள்ள ஒரு சாமான் எரிஞ்சு போச்சு. நான் மாத்தியிருக்கிறன்.”

அதை யோசேப் ஊரெல்லாம் சொன்னார்.

என் மனைவி லூர்தம்மா நான் அந்த வயர்களைச் சுற்றி மறைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவள். “போய் அந்த மனுசனிட்டச் சொல்லுங்கோ. யோசேப் அண்ணையிட்டயும் சொல்லுங்கோ” என்றாள். ஓம், போறன் என்றேன். வேலை என்றேன். பெருநாள் முடியட்டும் என்றேன். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் கோபம், தூசணம் எல்லாம் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. ஆனியில் சண்டை தொடங்கிவிட்டது. பிறகு சாட்டுக்கா பஞ்சம்?

ஐப்பசியில் ஒருநாள், முஸ்லிம் ஆட்கள் எல்லோரும் தீவை விட்டுப் போகவேண்டும் என்று ஆயுதம் தூக்கிய தமிழ் இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. “இண்டைக்கும் போகாட்டி இனி எப்பவும் சொல்லமாட்டியள்” என்று லூர்தம்மா அவர்களுக்கு வழியில் தின்னப் பாணும் தண்ணிப் போத்தலும் கட்டித் தந்தாள். யோசேப் தன் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய காலம். வழி முழுக்க, எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

எருக்கலம்பிட்டிக் கடற்கரை நிறையச் சனம். கற்பிட்டிப் பக்கம் போகும் வள்ளங்களுக்காகக் காத்திருந்தார்கள். குழந்தைகள் வெயிலில் அழுதன. ஜுனைதீன் தன் மனைவி சபூராவுடன் ஒரு துணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பினார். என் ஊர் ஆட்கள் நாலைந்து பேரும் அங்கே நின்றார்கள். அன்று கொட்டிலடியில் சிரித்த அதே ஆட்கள்.

நான் வாய் திறக்க முதல் அவர் பொட்டலத்தை அவிழ்த்துத் தன் மீற்றரை எடுத்து என் கையில் வைத்தார். கரண்ட் பார்க்கிற மீற்றர், தோல் உறையோடு.

“சாமான் ஒண்டும் கொண்டுபோக விடமாட்டினமாம். இது உங்களிட்ட இருக்கட்டும். வேலை தெரிஞ்ச ஆளிட்ட இருக்கிறதுதான் சரி. அண்டைக்கு நீங்கள் சொன்னது உண்மை, அருளப்பன். அதுக்குப் பிறகு நான் ஒரு மோட்டார் சைக்கிளும் தொடயில்லை. பிளஸ் ஏர்த்தில இருந்ததைக் கண்ணால பாத்தனான் எண்டுதான் நினைச்சன். எங்கயோ பிழை விட்டிட்டன்.”

பிறகு யோசேப்பின் பக்கம் திரும்பினார். “என்னால உங்கட சாமான் எரிஞ்சதெண்டு கேள்விப்பட்டன். மனசில வச்சிருக்காதேங்கோ. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“சீச்சீ, அதை விடுங்கோ. அதெல்லாம் அண்டைக்கே மறந்தாச்சு” என்று யோசேப் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

பிழை செய்யாத மனிதன் மன்னிப்புக் கேட்கிறான். ஒன்றும் தெரியாத மனிதன் மன்னிக்கிறான். எல்லாம் தெரிந்த நான் நடுவில் மீற்றரோடு நிற்கிறேன். ஊரை ஏசுகிற இந்த வாய் அப்போது திறக்கவில்லை. வீடு வாசலை இழந்து நிற்கிறவரிடம் பற்றரிக் கதையா என்று ஒரு சாட்டு. அதுவும் பொய். ஊர் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அதுதான் காரணம். பாணையும் தண்ணியையும் மட்டும் சபூராவிடம் கொடுத்தேன். வள்ளம் வந்தது. அவர் இடுப்பளவு தண்ணியில் இறங்கி நின்று சபூராவை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார்.

திரும்பி வரும்போது யோசேப்பின் பின்னால் இருந்தேன், மடியில் மீற்றர். பாதி வழியில் அவர் சொன்னார்.

“நல்ல மனுசன், என்ன? பிழை விட்டாலும் வாய் திறந்து ஒத்துக்கொண்டார். எங்கட ஊரில ஆர் அப்பிடிச் செய்வினம்?”

“ஓம்” என்றேன்.

சந்தியில் மாடு ஒன்று குறுக்கே நின்றது. யோசேப் ஹோனை அழுத்தினார். ஜுனைதீன் கட்டியபடியே கட்டியிருந்த பற்றரி, நல்ல சார்ஜ். மாடு விலகி வழிவிட்டது.