பூர்ணாவின் பெட்டியில் ஜேம்ஸின் பொட்டலம்

2007 அக்டோபரில் பர்மாவின் யாங்கோனில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பிக்குகள் ஊர்வலம் போன தெருக்களில் இப்போது ராணுவ லாரிகள் நின்றன. ஊர்வலப் படங்கள் வெளிநாடு போகக்கூடாது என்று நெட்டைத் துண்டித்திருந்தார்கள். போட்டாதாங் படகுத்துறைக்குப் பின்னால் இருந்த பார்சல் ஆபீஸ் மட்டும் எப்போதும்போல் திறந்திருந்தது. முதலாளி மீரா முகைதீன் பினாங்கு போயிருந்ததால் பொறுப்பு முழுக்க அங்கே வேலை பார்த்த அருள்ஜோதியின் தலையில்.

ஆபீஸில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் முதலாளியின் மருமகன் சிங்கப்பூரிலிருந்து கொடுத்தனுப்பிய புரோகிராம் ஒன்று ஓடியது. பெட்டியின் நீளம், அகலம், உயரம், எடை, போகிற ஊர் எல்லாம் தட்டினால் எந்தக் கம்பெனியில் அனுப்புவது மலிவு என்று காட்டிவிடும். அதற்கு நெட் வேண்டாம். ஒரே ஊருக்குப் போகிற சின்னப் பொட்டலங்களை எந்தப் பெரிய பெட்டிக்குள் வைக்கலாம் என்றும் அதுவே சொல்லும். சிங்கப்பூர் போய்ச் சேர்ந்ததும் மருமகன் பிரித்து உரியவர்களிடம் கொடுத்துவிடுவார். விமானக் கம்பெனிகள் கனத்துக்கு மட்டுமல்ல, பெட்டி அடைக்கிற இடத்துக்கும் சேர்த்துத்தான் கட்டணம் வாங்கின. அதனால் பெட்டிக்குள் காலி இடம் விட்டால் நஷ்டம். அந்த நஷ்டத்தை இந்தப் புரோகிராம் பெருமளவு குறைத்திருந்தது.

அன்று காலை பூர்ணா ஆற்றுக்கு அக்கரையில் உள்ள த்வாண்டேயிலிருந்து மண்குடுவைகள் கொண்டுவந்து, சிங்கப்பூருக்குப் பெட்டி கட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்பா தமிழர், அம்மா பர்மியப் பெண். தமிழைத் தட்டுத்தடுமாறித்தான் பேசுவாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் ஜேம்ஸ் வந்தான். அருள்ஜோதி போகிற சர்ச்சில் கிட்டார் வாசிக்கிற பையன், கியாக்டடா பேட்டையில் இங்கிலீஷ் டியூஷன் எடுப்பவன். கையில் துணி சுற்றித் தைத்த சின்னப் பொட்டலம்.

"சிங்கப்பூர்ல இருக்கிற எங்க அக்காவுக்குக்கா. ஞானஸ்நானப் படம். ஒரு சிடி."

அருள்ஜோதி தட்டிப் பார்த்தாள். தனியாக அனுப்பினால் கட்டணம் அதிகம். குடுவைப் பெட்டிக்குள் வைத்தால் ஒரு காசும் கூடாது என்றது திரை. அப்படியே வைத்து, டேப் ஒட்டி, கிடங்குக்கு அனுப்பிவிட்டாள். காகிதத்தில் இருந்தது பூர்ணாவின் பெயர் மட்டும்தான். எத்தனையோ பேருக்கு இப்படிச் செய்திருக்கிறாள்.

பதினோரு மணி வாக்கில் மப்டியில் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் ஒரு போட்டோவை மேஜைமேல் வைத்தான். ஜேம்ஸ்.

"இவன் இங்கே வந்தானா?" என்று பர்மிய மொழியில் கேட்டான்.

"வந்தார். ரேட் கேட்டார். ரொம்ப அதிகம்னு சொல்லிட்டுப் போயிட்டார்."

தன் வாயிலிருந்துதான் அது வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் திரையை எட்டிப் பார்த்தான். அதில் பூர்ணாவின் பெட்டி ஒன்றுதான் தெரிந்தது.

"இவன் அக்கா சிங்கப்பூர்ல இருக்கா. அங்கே போகிற பெட்டி எல்லாத்தையும் இன்னைக்குக் கிடங்கில பிரிச்சுப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆபீஸுக்குப் போனார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பொட்டலம் கிடைத்தால் பிடிபடப் போவது பூர்ணா. அந்தப் பொட்டலம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அருள்ஜோதி செருப்பைக்கூட மாட்டாமல் ஸ்ட்ராண்ட் ரோட்டில் கிடங்கைப் பார்த்து நடந்தாள். ஓடினால் பார்ப்பார்கள் என்று ஓடவில்லை.

கிடங்கைப் பார்த்துக்கொண்ட அமீர் அலி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பாய், பூர்ணா பெட்டியை இறக்குங்க. அளவு தப்பாப் போட்டுட்டேன். இப்படியே போனா ரெண்டு மடங்கு கட்டணம். சின்னப் பெட்டிக்கு மாத்தணும்."

"உங்க கம்ப்யூட்டர் மூச்சு விடறதுக்கும் அளவு பார்க்குமே!" என்று சிரித்துக்கொண்டே இறக்கிக் கொடுத்தார்.

மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துப் போய் டேப்பைக் கிழித்தாள். வைக்கோலுக்குள் கைவிட்டுத் துழாவினாள். குடுவை, குடுவை, குடுவை. பொட்டலத்தைக் காணோம். வெளியே லாரி ஒன்று வந்து நின்றது. ஒரு குடுவை கை நழுவி விழுந்து உடைந்தது. அடியில் துணி விரலில் பட்டது. உருவி எடுத்து, ரவிக்கைக்குக் கீழே லுங்கி மடிப்புக்குள் செருகி, திரும்பவும் டேப் ஒட்டினாள்.

"சின்னதுல கொள்ளாது பாய். இதே போகட்டும்" என்று திரும்பும்போது சிப்பாய்கள் வாசலில் நின்றார்கள். காலையில் வந்தவனும் கூட இருந்தான்.

"நீ எதுக்கு இங்கே?"

"பெட்டி அளவு தப்பாகிப் போச்சு. சரிபார்க்க வந்தேன்."

"நில்லு."

நின்றாள். அவள் கண் முன்னால் அந்தப் பெட்டியைத்தான் முதலில் கவிழ்த்தார்கள். வயிற்றில் பொட்டலத்தின் தையல் உறுத்தியது. மூச்சு விட்டால் அது தெரியும் என்று தோன்றியது. ஒரு சிப்பாய் உடைந்த குடுவைத் துண்டைத் தூக்கிக் காட்டினான்.

"இது எப்படி உடைஞ்சுது?"

"மண்ணுங்க சயா. வண்டியில வரும்போதே உடைஞ்சிரும்."

ஒவ்வொரு குடுவைக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தார்கள். அமீர் அலி அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். அடுத்த பெட்டியைத் தானே இழுத்து அவர்கள் முன்னால் வைத்தார்.

"போ" என்றான் காலையில் வந்தவன்.

கால் போன போக்கில் படகுத்துறைக்குப் போனாள். டலா போகும் படகில் ஏறினாள். நடு ஆற்றில், கோழிக் கூடைகளுக்கு நடுவே நின்று, பொட்டலத்தைத் தண்ணீரில் நழுவ விட்டாள். பிரித்துப் பார்க்கக் கை வரவில்லை. அக்கரையில் இறங்கி, வேலியோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள்.

மறுநாள் பூர்ணாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பூர்ணா அசையாமல் கேட்டாள். நன்றி சொல்வாள் என்று அருள்ஜோதி எதிர்பார்த்திருக்கலாம்.

"என் பேர்ல எதுக்கு வச்சீங்க?" என்றாள் பூர்ணா. "எனக்குக் கைப்பிள்ளை இருக்கு. தெரியுமில்ல? கேட்டீங்களா என்னை?"

"கேட்கலை."

"யாரைக் கேட்டீங்க?"

அருள்ஜோதி திரையைக் கேட்டிருந்தாள், அவ்வளவுதான்.

அந்த வாரமே ஜேம்ஸைப் பிடித்துவிட்டார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பல மாதம் தெரியவில்லை. ஜேம்ஸ் எதையாவது சொல்லியிருப்பானோ என்று அருள்ஜோதி ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் நிமிர்ந்து பார்த்தாள். யாரும் வரவில்லை. பெட்டிகளைச் சேர்க்கிற வசதியைப் புரோகிராமில் அணைத்து வைத்தாள். பினாங்கிலிருந்து திரும்பிய முதலாளி, கட்டணம் ஏன் ஏறிப்போனது என்று கத்தினார். "ஒவ்வொருத்தர் சாமானும் அவங்கவங்க பேர்லதான் போகும் முதலாளி. வேண்டாம்னா வேற ஆள் பாருங்க" என்றாள். அவர் வேறு ஆள் பார்க்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜேம்ஸ் சர்ச்சுக்கு வந்தான். முன்பற்கள் இரண்டு இல்லை. வழிபாடு முடிந்து அவள் அருகில் வந்து நின்றான்.

"போச்சாக்கா?"

"ஆத்துல போட்டுட்டேன் தம்பி. பயந்துட்டேன்."

"நானும் பயந்துதான்க்கா உங்ககிட்ட ஞானஸ்நானப் படம்னு பொய் சொன்னேன். அது ஊர்வலப் படம்" என்றான்.

இருவரும் அடுத்தடுத்த பஸ்களில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.