பெனுவலின் சாம்பல் வண்டிகள்

எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் வீட்டு நிலவறையில் எங்கள் லான்காஸ்டர் வட்டாரத்தையே பொம்மை ரயில் ஓடும் சிறு மாதிரியாக அமைத்திருந்தேன். அதற்கேற்ற ஆமிஷ் குதிரை வண்டிகள், அதாவது மோட்டார் வாகனம் தவிர்த்து எளிய வாழ்வு வாழும் அந்தக் கிறிஸ்தவச் சமூகத்தாரின் வண்டிகள், மட்டும் கிடைக்கவில்லை. கடைகளில் விற்றவை கறுப்புக் கூரை கொண்டவை. எங்கள் ஊர் வண்டிகளுக்கோ சாம்பல் நிறக் கூரை. பக்கத்துப் பண்ணையின் ஆமிஷ் நண்பர் பெனுவல் எஷ் இதைக் கேட்டுச் சிரித்தார்.

“கறுப்புக் கூரையா? ஒஹாயோ மாநிலத்து ஆமிஷ்காரன் வழி தவறி வந்துட்டான்னு நினைப்பாங்கய்யா. நானே செஞ்சு தாரேன்.”

கட்டைவிரல் அளவில் மூன்று வண்டிகளை மரத்தில் செதுக்கித் தந்தார்.

“ஓட்டுற ஆள் எங்கப்பா?”

“ஆள் கேக்காத, கிளேட்டன். எங்க முகத்தை உருவமாச் செய்றது எங்களுக்கு ஆகாதுன்னு தெரியும்ல.”

தெரிந்திருந்தும், என் ரயில் பாதையை ஊராருக்குக் காட்டிய கண்காட்சிக்கு முன் ஒரு பொம்மையை வண்டியில் அமர்த்தி, பெனுவலின் செந்தாடியையும் சாய்ந்த தோளையும் அப்படியே கொடுத்தேன்.

“அட, நம்ம பெனுவல்” என்று வந்தவர்கள் ரசித்தனர். அதன் படம் உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளியானது. அவருடைய சபையார் விசாரித்தனர்; அவர் சபைமுன் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார்.

“நான் வச்ச பொம்மைன்னு சொல்லியிருக்கலாமே, பெனுவல்?”

“வண்டி செஞ்சது நான்தானே. உன் பேரை எதுக்கு இழுக்கணும்?” என்றவர், வண்டிகளை எடுத்துக்கொண்டு சென்றார். பிறகு வரவேயில்லை.

இழப்பு இவ்வளவே: மூன்று வண்டிகள், சபையில் ஒருவருக்கிருந்த நற்பெயர், பதினோர் ஆண்டு நட்பு.