திரும்பிப் பார்க்காமல் சொன்னது

பஸ் டிரைவர் 'பிரேக்' இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். விடிந்தால் நர்ஸ் மேலிடத்துக்குப் பதில் சொல்கிறாள். வேறு நகரம், பெரிய மருத்துவமனை, பதவி உயர்வு. 'சரி, வருகிறேன்' என்று அவள் சொல்லிவிட்டால் அப்புறம் இவன் வாயைத் திறந்தால் என்ன, மூடினால் என்ன?

டிப்போவில் அவனுக்குப் 'பிரேக்' என்று பெயர் வந்ததே இதனால்தான். பஸ்ஸை வெண்ணெய் மாதிரி ஓட்டுவான். மனசில் இருப்பதைச் சொல்ல வரும்போது மட்டும் கிறீச்சென்று நின்றுவிடுவான்.

நைட் டியூட்டி முடிந்து நர்ஸ் அவன் வண்டியில்தான் வீடு திரும்புவாள். டிரைவருக்கு நேர் பின் சீட். அவள் பேசுவாள், அவன் ரோட்டைப் பார்த்தபடியே பதில் சொல்வான். வழி முழுக்கச் சிரிப்புதான். அதே ஆள் கீழே இறங்கி நேருக்கு நேர் நின்றால் போச்சு, நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"ஞாயித்துக்கிழமை அணைக்கு மேல மலை நடை போறோம். வரீங்களா?" என்று அவளேதான் கேட்டாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று ஓடி வந்தால், அணை வாசலில் அவளோடு அவள் அம்மாவும் நிற்கிறாள்!

அம்மாவுக்குத் தபால் பட்டுவாடா வேலை. தெருத் தெருவாக நடந்து உரமேறிய கால்.

"தம்பிக்கு நடந்து பழக்கமுண்டா? இல்ல, உக்காந்தபடியே ஊரைச் சுத்தற ஆளா?"

"ந... நடப்பேம்மா."

வானம் சரியில்லை. பையிலிருந்து டிப்போ மழைக்கோட்டுகள் மூன்றை எடுத்து நீட்டினான். மூன்றும் ஒரே மஞ்சள், ஒரே அளவு, தலையை மூடும் குல்லா. "வேலைநிறுத்தத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கோம்" என்று நர்ஸ் சிரித்தாள்.

அணை நிறைந்து ததும்பிக்கொண்டிருந்தது. வேலிக்கதவைத் தாண்டி ஏறினால், மேலே பரந்த மேட்டுவெளி. மருந்துக்குக்கூட ஒரு மரமில்லை. முழங்கால் உயரப் புதர்களில் ஊதாப் பூ. நடுவில் கரிய ஈர மண். காலை வைத்தால் 'சளக்' என்று உறிஞ்சியது. காற்று கன்னத்தில் அறைந்தது. அவனுக்கோ பாடவேண்டும் போல் இருந்தது.

சாப்பிட ஒரு பாறையோரம் உட்கார்ந்தபோது முதல் முயற்சி. "அது வந்து... நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"உப்புத்தானே? இந்தாங்க" என்று அம்மா அவன் கையிலிருந்த அவித்த முட்டைக்கு நேராகப் பொட்டலத்தை நீட்டினாள்.

கிறீச்!

எழுந்து நடந்தார்கள். திடீரென்று பனிமூட்டம் இறங்கியது. ஒற்றையடிப் பாதை. அவன் முன்னால், அடுத்து நர்ஸ், கடைசியில் அம்மா. ஒருமுறை திரும்பினான், பின்னாலேயே மஞ்சள் கோட்டு வந்துகொண்டிருந்தது. சட்டென்று பொறி தட்டியது. அட, இது பஸ் மாதிரியே இருக்கிறதே! நான் முன்னால், அவள் பின்னால், எதிரே வெறும் பாதை. இனி எதற்குத் திரும்பவேண்டும்?

"ஒண்ணு சொல்லணும்" என்றான் பாதையைப் பார்த்து. "குறுக்கப் பேசாதீங்க, பேசினா நின்னுடுவேன். காலைல ஸ்டாப்ல நீங்க இல்லேன்னா, வண்டி நிறையக் கூட்டம் இருந்தாலும் எனக்குக் காலியாத்தான் இருக்கு. வேலைக்குப் போங்க, வேணாம்னு சொல்ல நான் யாரு? ஆனா தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. எனக்கு உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்."

பின்னால் காலடிச் சத்தம் நின்றது.

"யோசிச்சுத்தான் சொல்லணும் தம்பி. என் வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேக்கணுமே!"

விருட்டென்று திரும்பினான். குல்லாவுக்குள் அம்மாவின் முகம்! நர்ஸ் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்த நேரத்தில் அம்மா முந்திவிட்டிருந்தாள். பூமி பிளந்து விழுங்காதா என்று ஏங்கினான். பாதையை விட்டு விலகிய இடது காலைப் பூமி முழங்கால் வரை விழுங்கியும்விட்டது.

அம்மா சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். மூட்டத்திலிருந்து நர்ஸ் பாய்ந்து வந்தாள். "என்னம்மா? யாருக்கு அடி?"

"அடியும் இல்ல, இடியும் இல்ல. இந்த வயசுல எனக்கு வரன் வந்திருக்குடி!"

"ஐயோ, உங்ககிட்ட இல்லம்மா..."

"அடுத்தவங்க தபாலை நான் பிரிக்கிறதில்ல தம்பி. மூஞ்சியப் பாத்து நீங்களே சேர்த்துடுங்க." எழுந்து, கோட்டைத் தட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

நர்ஸ் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கால் வரவில்லை. திரும்பவும் வழியில்லை, ஓடவும் வழியில்லை. அவள் கண்ணைப் பார்த்தான். சொன்னான். திக்கித் திணறி, பாதியை முழுங்கி, ஆனால் கடைசிவரை நிற்காமல் சொல்லிவிட்டான்.

அவள் கையை விடவில்லை. "நாளைக்கு நான் வரேன்னுதான் பதில் சொல்லப் போறேன்."

அவன் முகம் தொங்கியது.

"ஏன், அந்த ஊர்ல பஸ் ஓடாதா?"

புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஓடும்! ஏன் ஓடாது? ஜோரா ஓடும்!"

"அப்ப அங்க வந்து ஓட்டுங்க. இப்ப காலை எடுங்க, கை வலிக்குது."

கால் வந்தது. ஷூ வரவில்லை. யாருக்கு வேண்டும் ஷூ?

மூட்டம் கிழிந்து, கீழே நீர்த்தேக்கம் வெயிலில் தகதகத்தது. ஒரு காலில் ஷூவும் மறு காலில் சேறுமாக, கத்திக்கொண்டே அவன் சரிவில் ஓடினான்.

"அந்தப் பையனைப் பிடிடி!" அம்மாவின் குரல் மலையெங்கும் கேட்டது. "தலைகீழா அணைக்குள்ள போய் விழுந்துடப் போறான்!"