வாதிமின் நோன்புக் கவிதைகள்

பாதிரியார்களைக் கேலி செய்து எழுதியே கொஸ்த்ரோமா நகரத்தில் பேர் வாங்கியவன் வாதிம் லோபனோவ். அந்த வசந்தத்தில் அவன் கொண்டுவந்த கவிதைகளிலோ ஞானஸ்நானமும் யோர்தான் நதியும் அழுகிற திருவுருவப் படங்களுமாக இருந்தன. வாசித்த க்ளாவாவுக்கு எங்கோ இடித்தது. சிறு பத்திரிகை ஒன்றின் ஆசிரியை அவள். கல்லூரியில் வாதிமோடு படித்தவள். திருச்சபையின் மறைமாவட்ட நிர்வாகம் பக்திக் கவிதைக்குப் பரிசு அறிவித்திருப்பது அவளுக்குத் தெரியும்.

“பூனை சைவமாயிடுச்சாக்கும்? அதுவும் மீன்கடை வாசல்ல உக்காந்துக்கிட்டு?”

வாதிம் சிரிக்கவில்லை.

ஈஸ்டருக்கு முன் இறைச்சியும் பாலும் விலக்கும் பெரிய நோன்பு நடந்துகொண்டிருந்தது. வேண்டுமென்றே அவனை உணவகத்துக்கு அழைத்துப்போய் இறைச்சிக் கொழுக்கட்டை வாங்கி வைத்தாள். புளித்த பாலாடையில் தோய்த்து ஒன்று விடாமல் தின்றான்.

“மாட்டினியாடா! நோன்பு பத்தி அப்படி உருகி எழுதியிருக்கியே?”

“இருக்க முடியலையேன்னுதான் உருகினேன். இருக்கேன்னு எங்கடி எழுதினேன்?”

பதில் அவள் சந்தேகத்தை இன்னும் கிளறிவிட்டது. சனிக்கிழமை மாலை அவன் பின்னாலேயே தேவாலயத்துக்குப் போனாள். வாதிம் தொப்பியைக் கையில் கசக்கியபடி கதவோரம் நின்றான். சிலுவைக் குறி போடவில்லை; யாராவது தன்னைக் கவனிக்கிறார்களா என்றும் பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்தபோது பாதி குனிந்தான், பிறகு என்ன நினைத்தானோ, நிமிர்ந்துகொண்டான்.

வெளியே வந்தவனை மறித்தாள். “யாருக்குடா இந்த நாடகம்?”

“தெரியலடி. கிண்டலா ஒண்ணு எழுதினேன். கடைசி வரி ‘ஆண்டவரே, இரங்கும்’. சத்தமாப் படிச்சுப் பாத்தப்ப அந்த வரியை மட்டும் கிண்டலாச் சொல்ல வரல. அதுலேர்ந்து இங்க வந்து நிக்கிறேன். ஒண்ணும் நடக்கல.”

“பரிசுக்கு அனுப்பலைன்னு சொல்லு பாப்போம்.”

“அனுப்பினேன். பரிசும் வேணும்தான். அதனாலதான் என்னை நானே நம்ப முடியல.”

“அப்ப வாபஸ் வாங்கு. அதுக்கப்புறமும் எழுத வருதான்னு பாரு.”

ஈஸ்டருக்கு முன்பே கவிதைகளை வாபஸ் வாங்கிவிட்டான். பிறகு ஒரு வரிகூட வரவில்லை. கோடை முழுவதும் வோல்காக் கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். பரிசோடு பக்தியும் போயிற்று, தான் நினைத்தது சரிதான் என்று க்ளாவா சொல்லிக்கொண்டாள். ஏனோ அதில் அவளுக்குச் சந்தோஷம் இல்லை.

இலையுதிர் காலத்தில் ஒரே ஒரு கவிதையோடு வந்தான். கடவுள் பெயரே அதில் இல்லை. ஒருவன் பூட்டிய கதவைத் தட்டுகிறான். உள்ளே இருப்பவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தன் பெயரையே சொல்கிறான். அவ்வளவுதான். பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று க்ளாவா திரும்பத் திரும்பத் தேடினாள். அகப்படவில்லை.

“இன்னும் கோயிலுக்குப் போறியா?”

“போறேன். இப்பக் கொஞ்சம் உள்ள தள்ளி நிக்கிறேன்.”

அடுத்த இதழிலேயே அதை வெளியிட்டாள். முதல் பக்கத்தில் அல்ல. அந்த அளவுக்கு அவள் இன்னும் நம்பிவிடவில்லை.