முப்பத்துமூன்று மே மாதங்கள் நடந்த இறுதி ஆட்டம்

1977ஆம் ஆண்டு மே மாதம் ஒரு வியாழக்கிழமை இறந்துபோன டேல் குப்கா, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பேஸ்பால் இறுதி ஆட்டத்துக்குச் சரியான நேரத்தில் வந்துவிட்டான். பந்து வீசுபவனுக்கு நடுவில் இரண்டு நாளாவது ஓய்வு என்பது வழக்கம். அதை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை கடைசிப் பந்தை எதிரணிக்காரன் நேராகத் திருப்பி அடிக்க, அது டேலின் நெற்றிப்பொட்டில் பட்டது. அவனுடைய வாஸ்னர் கல்லூரி அந்த ஆட்டத்தில் தோற்றது; டேல் ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டான். மற்ற பையன்கள் அழுதுகொண்டே ஆடி வெள்ளியும் சனியும் வென்று, செயின்ட் ஒடிலோ கல்லூரியோடு இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றார்கள். டேல் தொப்பியைக் காயத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு பந்து வீசும் மேட்டில் ஏறிப் பந்தைக் கேட்டான்.

செயின்ட் ஒடிலோவின் கோச் ஆட்சேபித்தார். கூட்டமைப்பின் செயலாளர் ஆர்லின் ரீஸ் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கன்சாஸ் புல்வெளியின் எட்டுச் சிறு கல்லூரிகள் சேர்ந்து 1951இல் தொடங்கிய போட்டி அது. அன்று முதல் இரண்டு முறை தோற்றவர்கள்தான் வெளியேற வேண்டும். "இவனுக்கு ஒரு தோல்விதானேய்யா" என்றார் ரீஸ். "ஒரு தோல்வியோட நாம யாரையும் வீட்டுக்கு அனுப்பினதில்ல." கோச் யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்று போய் உட்கார்ந்தார்.

தாய் வில்மா குப்காவுக்கு யாரோ போன் செய்து சொன்னார்கள். தகப்பன் இல்லாத ஒரே பையன். திங்கட்கிழமை அடக்கத்துக்காக எடுத்து வைத்திருந்த கறுப்பு உடையிலேயே அவர் வந்து சேர்ந்தபோது இரண்டாவது இன்னிங்ஸ் நடந்துகொண்டிருந்தது. வாசலில் அம்பயர் கிளெட்டஸ் ஹார்ம்ஸ் கையை நீட்டி மறித்தார். "ஆட்டம் நடக்கறப்ப வீட்டாளுங்க உள்ள வரக் கூடாது வில்மா. முடியட்டும், அப்புறம் போய்க் கட்டிப்பிடிச்சுக்கோ." வில்மா கம்பி வலைக்கு வெளியே நின்றார்.

ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து மூன்றுக்கு மூன்று என்று நின்றது. பேஸ்பாலில் சமன் கிடையாது, ஒருவர் வெல்லும்வரை ஆட வேண்டும். வெளிச்சம் குறைய, கிளெட்டஸ் வலையோரம் வந்து தொப்பியைக் கழற்றினார். "தோத்தா ரெண்டாவது தோல்வி, கிளம்பிடுவான். ஜெயிச்சாலும் போட்டி முடிஞ்சுது, அப்பவும் கிளம்பிடுவான். உன்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

"அப்ப முடிக்காதே."

"அது என் கையில இல்லம்மா. மட்டை பிடிச்சவன் கையில."

அடுத்து ஆட வேண்டிய செயின்ட் ஒடிலோ பையன் இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றான். கிளெட்டஸ் ஆட்டத்தை நிறுத்திவைத்தார். பருவம் முடிந்துவிட்டதால் மீதியை அடுத்த மே மாதம் ஆடுவது என்று கூட்டமைப்பு தீர்மானித்தது. அந்த மேயில் டேல் வந்தான். அதே பையன் தோளில் மட்டையைச் சாய்த்தபடி மூன்று பந்துகளையும் அடிக்காமல் பார்த்துக்கொண்டு நின்று அவுட்டாகி வெளியே போனான்.

ஒரு இன்னிங்ஸ் முடிந்தும் சமனாகவே இருந்தால் மீதி அடுத்த மேக்கு; இப்படித்தான் ஆண்டுக்கு ஒரு இன்னிங்ஸ் என்றானது. மூன்றாவது பேஸில் நின்றவர்கள், பந்து கை தவறி உருண்டோடியபோதும் ஓடிவந்து ஓட்டம் எடுக்காமல் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கல்லூரிகளிலும் யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, ஆனால் புதிதாகச் சேரும் ஒவ்வொருவனுக்கும் தெரிந்திருந்தது. வறட்சி வந்த ஆண்டும் டேல் வந்தான், வெள்ளம் வந்த ஆண்டும் வந்தான். கூட ஆடியவர்கள் விதை வியாபாரிகளானார்கள், வழுக்கையானார்கள், அவர்கள் பிள்ளைகள் ஆட வந்தார்கள். டேலுக்கு மட்டும் இருபத்தொன்று. "என்ன டேல், இன்னும் டிகிரி முடிக்கலையா?" என்று எதிர்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். "உங்கப்பனும் இதையேதான் கேட்டான். அவனையும் மூணே பந்துல உக்கார வச்சேன்" என்றான் டேல். ஆட்டம் முடியாததால் வலைக்கு இந்தப்புறம் வில்மா, அந்தப்புறம் அவன். நடுவே இரண்டடி. அவர் பியராக் என்ற அடைத்த ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து வைப்பார். அவன் சாப்பிடுவதில்லை, முட்டைக்கோஸும் கறியும் வெந்த வாசனையை முகர்ந்துவிட்டு, உப்புக் கம்மி என்பான்.

2009 மேயில், நாற்பத்தொன்றாவது இன்னிங்ஸில் வாஸ்னர் தன் முறையை ஓட்டமில்லாமல் ஆடி முடித்த பின், அவன் பந்தை இடது கைக்கு மாற்றியதை வில்மா பார்த்துவிட்டார்.

"தோள்ல என்னடா?"

"கழண்டு விழுற மாதிரி இருக்கும்மா."

"எப்பலேருந்து?"

"எண்பத்தொண்ணுலேருந்து."

"ஏண்டா சொல்லல?"

"வருஷா வருஷம் புது டிரஸ் போட்டுக்கிட்டு வந்து நிக்கற. எப்படிம்மா சொல்றது?"

வில்மாவுக்கு எழுபத்தாறு வயது. ஊன்றுகோலோடு எதிரணி பெஞ்சின் பின்பக்கம் நடந்துபோய்ச் சேர நேரமானது. முதலில் ஆட வேண்டியவன் ரேமன் ஒலிவாஸ், இறுதியாண்டு மாணவன். "தம்பி, இந்த வருஷம் அடிச்சிடு" என்றார்.

ரேமன் தரையைப் பார்த்தான். "மூணு வருஷமா வேணும்னே தப்பா சுத்தி அதுவே பழகிப்போச்சு மேடம். நிஜமா அடிக்க வருமான்னே தெரியல."

"வரும். அவன் மெதுவா போடுவான். கையில தெம்பில்ல."

"எங்கப்பாவும் இங்க வேணும்னே விட்டவருதான். அடிச்சா என்கூடப் பேச மாட்டாரு."

"நான் அவர்கிட்ட சொல்றேன். நீ அடி."

டேல் இரண்டு பந்துகள் வீசினான். இரண்டையும் ரேமன் விட்டுவிட்டான். மூன்றாவதை வீசுவதற்கு முன் டேல் வலைப்பக்கம் திரும்பினான், வில்மா தலையசைத்தார். பந்து இடப்பக்க வேலியைத் தாண்டிக் கோதுமை வயலில் விழுந்தது. ரேமன் அழுதுகொண்டே நான்கு பேஸையும் சுற்றி வந்தான். யாரும் கை தட்டவில்லை. நான்குக்கு மூன்று, ஆட்டம் முடிந்தது. கிளெட்டஸ் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. புது அம்பயர் முகமூடியைக் கழற்றி வாசல் கதவைத் திறந்துவிட்டார்.

இரு அணிகளும் வழக்கப்படி வரிசையில் நின்று கைகுலுக்கினார்கள். வரிசையின் கடைசி ஆளாக வில்மா நின்றார். டேல் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தான். கோலைக் கீழே போட்டுவிட்டு அவனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வேர்த்திருந்தான் என்று பிறகு சொன்னார். எவ்வளவு நேரம் பிடித்திருந்தார் என்று யாரும் குறித்துவைக்கவில்லை.

ரீஸுக்குப் பிறகு வந்த செயலாளர், வென்றவர்கள் பட்டியலில் 1977ஆம் ஆண்டுக்கு நேரே காலியாக இருந்த இடத்தில் செயின்ட் ஒடிலோ என்று எழுதினார். அடுத்த ஆட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட வந்தவர்கள், மைதானத்தில் வெறுங்காற்றைக் கட்டிப்பிடித்து நின்றிருந்த வில்மாவைச் சுற்றிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்கள்.